பதினாறு வரி

மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் அவரை எல்லாரும் 'இடி' என்றுதான் கூப்பிடுவார்கள். அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வயது நாற்பத்தாறு. வேலை நாளில் சலவை இயந்திரம், விடுமுறை நாளில் தெருமுனையில் ஓர் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு ராப். இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு. கேட்டவர்கள் நன்றாகத்தான் கைதட்டினார்கள், பேருந்து வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள். அவர் பாடிய ஒரு வரிகூட எந்த ஆல்பத்திலும் ஏறியதில்லை.

போன வருஷம் குரல் கம்ம ஆரம்பித்தது. வெளுப்பு மருந்தின் ஆவி பாதி, தெருமுனைக் கத்தல் பாதி. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே கத்தினீங்கன்னா இருக்கிற பேச்சும் போயிடும்" என்றார். இடி தலையாட்டினார். தலையாட்டுவதில் அவர் கெட்டிக்காரர், சொன்னதைக் கேட்பதில்தான் கொஞ்சம் மட்டம்.

அந்த நேரம் பார்த்துத்தான் இசைத் தயாரிப்பாளர் ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தது. பத்துப் பாட்டு ஆல்பமாம். ஒவ்வொரு பாட்டிலும் பெரிய ராப்பர் ஒருவர், வெளியே தெரியாத ராப்பர் ஒருவர். "உங்க தெருமுனை வீடியோ பார்த்தேண்ணே. உங்களை 'மகுடம்' கூடப் போட்டிருக்கேன். பதினாறு வரி உங்களுக்கு. பீட் அனுப்பறேன், ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே பாடி போன்லயே பதிஞ்சு அனுப்பிடுங்க" என்றார். மகுடம் என்றால் ஆட்டோ, சலூன் எல்லாவற்றிலும் ஒலிக்கிற ஆள். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது இடிக்கு. தொண்டையில் மிச்சம் இருப்பதையெல்லாம் இந்தப் பதினாறு வரிக்குக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுவது என்று மனைவியிடம் சத்தியம் செய்தார். அவளும் அதே கூடத்தில்தான் கிழிந்த விரிப்புகளைத் தைக்கிறாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், மடித்த விரிப்புகளைக் கூரைவரை அடுக்கி வைத்திருக்கும் அறையில் பதிவு நடந்தது. எதிரொலியே இல்லாத அறை அது. மனைவி போனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹெட்போன் மாட்டிக்கிட்டுப் பாடச் சொன்னாரே அந்தத் தம்பி?"

"அதை மாட்டினா பீட் மண்டைக்குள்ள மட்டும்தான்டி அடிக்கும். எனக்கு நெஞ்சுல அடிக்கணும்."

தெருமுனை ஒலிபெருக்கியையே அலமாரியில் வைத்து, தயாரிப்பாளர் அனுப்பிய பீட்டின் தாளத்தை அலறவிட்டார். பாடினார்.

*ரத்தம் உங்களுது, துவைக்கிற கை எங்களுது*
*சத்தம் எங்களுது, மேடை மட்டும் உங்களுது*

பதினாறாவது வரியில் அவர் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்து மனைவி போனைக் கீழே போட இருந்தாள். பிறகு, வரிகளுக்கு நடுவே சேர்க்கிற 'ஆமா', 'அப்படிச் சொல்லு' போன்ற கூச்சல்களைத் தனியாகப் பதிந்தார். அப்படி அனுப்புவதுதான் வழக்கம். அதற்குப் பீட் எதற்கு என்று ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டில் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தார். வெறும் காற்று வந்தது.

மூன்று நாள் கழித்துத் தயாரிப்பாளர் அழைத்தார். மனைவி போனைச் சத்தமாக வைத்தாள்.

"அண்ணே, மகுடம் வேற பீட் வேணும்னுட்டாரு. மாத்திட்டோம். ஆனா உங்க குரலோட பழைய பீட்டும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கே."

"பிரிச்சு எடுக்க முடியாதா தம்பி?" என்று மனைவி கேட்டாள்.

"என்னென்னமோ பண்ணிப் பார்த்துட்டேங்க்கா. குரலும் சேர்ந்து கிழியுது. ஹெட்போன் மாட்டி இன்னொரு தடவை பாடி அனுப்பச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

வெள்ளையோடு சிவப்பைப் போடாதே, சாயம் ஏறினால் எத்தனை துவைத்தாலும் போகாது என்று வேலைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் பாடம் எடுத்தவர் இடி. சொந்தக் குரலில் சாயம் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அந்த அறையில் போய் ஹெட்போன் மாட்டி நின்றார். வெந்நீர், தேன், மிளகு எதுவும் பாக்கியில்லை. முதல் சொல்லுக்கே குரல் எழவில்லை. வியாழக்கிழமை, அடுக்கிய விரிப்புகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அழுகைக்கும் சத்தம் வரவில்லை. மனைவி வெளியே நின்று, உள்ளே வரப்போனவர்களைத் திருப்பி அனுப்பினாள். இயந்திர இரைச்சலில் எல்லாரும் சைகையிலேயே பேசிக்கொள்கிற கூடம் அது, அவர் குரல் போனது வேறு யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை, "முடியாதுங்க தம்பி" என்று அவளே சொன்னாள். "அய்யோ" என்றார் தயாரிப்பாளர். பிறகு குரல் தெளிந்து, "பரவாயில்லக்கா, அண்ணனை விட்டுட மாட்டேன்" என்றார்.

ஆல்பம் வெளியான அன்று தேநீர் இடைவேளையில் கூடமே இயந்திரங்களை நிறுத்திவிட்டுக் கூடியது. மேற்பார்வையாளர் தன் போனைக் கூடத்து அறிவிப்பு ஒலிபெருக்கிப் பெட்டியில் இணைத்தார். எட்டாவது பாட்டு. மகுடம் ஆரம்பித்தார்.

*நான் ஏறின படியில எவனும் ஏறல*
*என் உயரம் பார்க்க எவன் கழுத்தும் சேரல*

பின்னாலிருந்து, பீட் இல்லாமல் தனியாகப் பதிந்திருந்த இடியின் குரல் முழங்கியது: "ஆமா! அப்படிச் சொல்லு!"

கூடம் அதிர்ந்தது. "டேய், நம்ம இடிடா!" என்று விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர் அவர் தோளைக் குலுக்கினார். மகுடம் தன் காரைச் சொன்னார், தன் கடிகாரத்தைச் சொன்னார், தன்னிடம் கைகட்டி நிற்கிறவர்களைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் இடி தொண்டை கிழிய ஆமா போட்டார். பதினாறு வரி எப்போது வரும் என்று காத்திருந்தவள் மனைவி ஒருத்திதான். பாட்டு முடிந்துவிட்டது. அவள் அவரைப் பார்க்கவில்லை, கையிலிருந்த ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா குரல்ணே உங்களுக்கு! மகுடத்தையே தூக்கி நிறுத்திட்டீங்க" என்றார் மேற்பார்வையாளர். அவர் மனதாரத்தான் சொன்னார். "இன்னொரு தடவை போடுங்க சார்" என்று நாலு பேர் கேட்டார்கள்.

வேண்டாம் என்று சொல்ல இடி வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று அவர்கள் சிரித்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து அவருடைய குரல் மறுபடியும் ஆமா என்றது.