ஒரு வாய் சோறு, ஒரு மடக்குத் தண்ணீர்

அடல்ஜீசா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உப்பு இல்லாமல் போகலாம், தண்ணீர்ச் செம்பு இல்லாமல் போகாது. ஆளுக்கு ஒன்று. ஒரு வாய் சோறும் பீன்ஸும், ஒரு மடக்குத் தண்ணீர். அதற்கும் இறங்காவிட்டால் எழுந்து, இரண்டு கையையும் தூக்கி, நுனிக்காலில் ஓர் எம்பு. அவளுடைய அப்பா சாகும்வரை அப்படித்தான் சாப்பிட்டார், போலீசிடம் மாட்டிய திருடனைப் போல. யாரும் சிரித்ததில்லை. எல்லாருக்கும் அதே கதைதான்.

ஜனாவுபா ஊர்ப் பஸ் நிலையத்தைப் பெருக்கிப் பெருக்கித் தேய்ந்த அடல்ஜீசாவின் உடம்பு, இந்த வருஷம் விளக்குமாற்றோடு போட்டி போட்டு மெலிந்தது.

“பாத்து நில்லுக்கா, உன்னையும் சேத்து வாரிடப் போறாங்க,” என்றாள் காப்பி விற்கும் நதீர்.

சிரிக்கத் தெம்பில்லை. புற்றுநோய்தான் என்று அடல்ஜீசா மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள். மகள் க்ளெயூசாதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துவந்தாள்.

“முழுங்கக் கஷ்டமா இருக்காம்மா?” என்றார் டாக்டர்.

“இல்லைங்க. எல்லாரும் முழுங்கற மாதிரிதான் முழுங்கறேன்.”

பொய்யில்லை. அவளுக்குத் தெரிந்த எல்லாரும் அப்படித்தான்.

டாக்டருக்கு நம்பிக்கையில்லை. எக்ஸ்ரே அறைக்கு அனுப்பிவிட்டு, தானும் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்றார். சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு மாதிரி கரைத்த வெள்ளை மருந்து ஒரு கோப்பை கொடுத்தார்கள், படத்தில் குழாய் தெரிவதற்காக.

“குடிச்சிட்டு அசையாம நில்லுங்க.”

குடித்தாள். நெஞ்சுக்குள் வந்து குந்திக்கொண்டது. நின்று நின்று அலுத்துப்போய், கைகள் தாமாக மேலே போயின. ஓர் எம்பு.

“அம்மா! என்ன பண்றீங்க?”

“இறக்கி விடறேன் டாக்டர். ஒரு செம்பு தண்ணி குடுத்தா சட்டுனு முடிச்சிடலாம். உங்களுக்கும் வேலை மிச்சம்.”

“இதை யாரு சொல்லிக் குடுத்தது?”

“திங்கறதுக்கு எவன்யா சொல்லிக் குடுப்பான்? எங்க வீட்ல எல்லாரும் இப்படித்தான்.”

டாக்டர் திரையைப் பார்த்தார். படத்தில் அவளுடைய உணவுக்குழாய் பைபோல உப்பி, அடியில் சூம்பியிருந்தது. வெள்ளை அப்படியே தேங்கி நின்றது.

அடுத்த வாரம், உள்ளே கேமரா விட்டுப் பார்த்து, ரத்தப் பரிசோதனை முடிவும் வந்தபிறகு, அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“புத்து இல்லம்மா. பொறந்தது மண்சுவர் வீட்லதானே?”

“வேற எங்க பொறக்கறது?”

“சுவர் விரிசல்ல இருந்து ரத்தம் குடிக்கற நாவிதப் பூச்சி சின்ன வயசுல கடிச்சிருக்கு. அதோட கிருமி குழாயோட நரம்பைத் தின்னுடுச்சு. குழாயோட அடிவாயை விரிச்சு விட்டா சோறு இறங்கும்.”

புற்றில்லை. அழக்கூட அலுப்பாக இருந்தது. மகளிடம் சொல்லத் திரும்பினாள்.

கதவோரப் பெஞ்சில் க்ளெயூசா பாலாடைக்கட்டி ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். ஒரு கடி, பாட்டிலிலிருந்து ஒரு மடக்கு. ஒரு கடி, ஒரு மடக்கு. அவளும் அதே மண்சுவருக்குள் வளர்ந்தவள்தான்.

“ஏண்டி, அந்தப் பாட்டிலைக் கீழ வை. தண்ணி இல்லாம ஒரு வாய் முழுங்கு, பாப்போம்.”

“உனக்கென்னம்மா வந்துச்சு?”

“முழுங்குடி!”

க்ளெயூசா முழுங்கினாள். முகம் மாறியது. மெல்ல எழுந்தாள். இரண்டு கைகளும் மேலே போயின.

அடல்ஜீசா நாற்காலியில் சரிந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“இன்னொரு கோப்பை கரைக்கச் சொல்லுங்க டாக்டர்.”