கழுவிக் கழுவிப் பூசிய கடற்பூதம்

பேசாலையில் படகுகளுக்குப் பெயர் எழுதுகிற கிறகரியைத் தேடி வருபவர்கள், வேலை முடிந்தால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்பு அவர் கடலடியில் கடலட்டை பிடிக்கச் சுழியோடியவர். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடது கால் செயலிழந்துபோனது. கூடச் சுழியோடியவர்கள் கொஞ்ச நாள் வந்து பார்த்தார்கள்; பிறகு அவரவர் பாடு. கல்யாணம் பேசியவர்களும் மெல்ல நழுவிவிட்டார்கள். வீட்டில் அவரும் ஒரு ரேடியோவும்தான்.

அப்படியிருந்தவரிடம்தான் நிப்ராஸ் வந்தான். மன்னார் டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன். கட்டாரில் வேலை செய்த காலத்தில் ஒரு விளையாட்டுப் பைத்தியம் பிடித்து, பெட்டி நிறையப் பிளாஸ்டிக் பொம்மைகளோடு ஊர் திரும்பியிருந்தான். மேசையில் பரப்பி, பகடை உருட்டிச் சண்டை பிடிக்கிற விளையாட்டாம். நண்டுத் தலை வீரன், திருக்கை வால் ராணி, எல்லாம் விரல் உயரம், எல்லாம் வெறும் சாம்பல் நிறம். பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, வர்ணம் பூசித் தரச் சொன்னான்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து வருவான். பிளேன்ரீ குடித்து, பூசியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொழுதுபடும் வரை கதைத்துக்கொண்டிருப்பான். கிறகரி வியாழக்கிழமையே முற்றத்தைக் கூட்டிவிடுவார்.

பொம்மைகள் தீரத் தீர அவர் மிச்சத்தை எண்ணி எண்ணிப் பார்த்தார். கடைசியில் மிஞ்சியது எட்டுக் கைகளுள்ள கடற்பூதம் ஒன்று. அதையும் முடித்துவிட்டால் இவன் ஏன் வரப்போகிறான்? ஆகவே மனுஷன் ஒரு கள்ள வேலை பார்த்தார். கிழமை முழுக்கப் பூசுவார். வியாழன் பின்னேரம் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிவிடுவார். நிறம் சரிவரவில்லை என்பார். நிப்ராஸின் முகம் வாடும். ஆனாலும் ஆறுதலாகச் செய்யச் சொல்லிவிட்டுப் போவான். இப்படியே மாரி முடிந்து பங்குனியும் வந்துவிட்டது.

ஒரு வியாழக்கிழமை நிறம் லேசில் விட்டுப்போகவில்லை. படகு வர்ணம் கரைக்கப் பாவிக்கிற தின்னரை எடுத்து ஊற்றினார். படகுக்கு ஒன்றும் செய்யாத தின்னர் பூதத்தை மெழுகாக உருக்கிவிட்டது. முகம் வழிந்து போயிற்று.

மறுநாள் அதை நிப்ராஸின் கையில் வைத்தபோது பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"முடிச்சுத் தந்தால் நீர் வரமாட்டீர் எண்டு நான்தான் ஒவ்வொரு முறையும் கழுவினனான், தம்பி."

நிப்ராஸ் கோபப்படவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தாலாவது நன்றாயிருந்திருக்கும்.

"இது விளையாட்டில உங்கட பக்கத்துக்குத் தலைவன், அண்ணை. ரெண்டு பேர் விளையாடுறது. எனக்கு மட்டும் இஞ்ச வேற ஆர் இருக்கினம்? இது முடியட்டும், தொடங்குவம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

பிறகு, தயங்கித் தயங்கி மற்றதையும் சொன்னான். கட்டாருக்குத் திரும்ப விசா வந்துவிட்டதாம். அன்றைக்கே கொழும்பு பஸ் எடுக்க வேண்டுமாம்.

பொம்மைப் பெட்டியை அவன் கொண்டுபோகவில்லை. கிறகரி இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் மேசையில் இரண்டு பக்கத்தையும் அடுக்கி வைக்கிறார். எப்படி விளையாடுவதென்று அவருக்குத் தெரியாது. முகமில்லாத அந்தப் பூதத்துக்கு மட்டும் வர்ணம் பூசி முடித்துவிட்டார். அதற்குப் பிறகு அதைக் கழுவவேயில்லை.