ராகு காலத்து விருந்தாளிகள்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். எழுத்துப் பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். இதை வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் பேனாவை எடுத்தேன்.

சிம்பாங் அம்பாட் பக்கம் எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, இருக்கும் இடம் முன்பு செம்பனைத் தோட்டம். அங்கே நான் குலை வெட்டினேன். பிறகு மரங்களைச் சாய்த்து வீடுகள் கட்டினார்கள். அதில் ஒன்றில் இப்போது குடியிருக்கிறேன். வேலை புக்கிட் ரம்பாயில் ஃபேக்டரியில். தோட்டம் போய்விட்டதைக் குரங்குகளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. கொடியில் காயும் என் உள்ளாடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மதிலில் உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்தில் அரிவாள் கட்டிய கம்போடு என்னைப் பார்த்தால் ஓடும். இப்போது யூனிஃபார்மில் பார்ப்பதால் மதிப்பதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு நிச்சயம். அவளும் மாப்பிள்ளையும் நாலு வருடம் பழகியவர்கள். தடையாக நின்றது மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்ப்பது ஒன்றுதான். மூத்த மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது பூனை குறுக்கே ஓடியதென்று பாதி வழியில் காரைத் திருப்பியவர் அவர். பெண் வீட்டார் கேசரியைத் தாங்களே சாப்பிட்டார்களாம். எங்களுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று என் மகள் ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

அவர்கள் மஸ்ஜித் தானாவிலிருந்து ஐந்தேகாலுக்கே வந்துவிட்டார்கள். ஆறு மணி வரை ராகு காலம். பழம், லட்டு, சேலை, வெற்றிலை பாக்கு, பூ என்று ஐந்து தட்டுகளையும் கேட்டுக்கு வெளியே கார் பானெட்டின் மேல் வரிசையாக வைத்துவிட்டு வெயிலில் நின்றார்கள்.

"உள்ள வந்து ஒரு வாய் தண்ணியாச்சும் குடிங்க சம்மந்தி," என்றாள் என் மனைவி.

"தட்ட வெளிய வச்சிட்டு நாங்க மட்டும் எப்படி வர்றது? இன்னும் கொஞ்ச நேரம்தானே. நிக்கிறோம்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

குரங்குகள் காட்டுக்குத் திரும்புவது ஐந்தரைக்கு, எங்கள் வாசல் வழியாக. எனக்குத் தெரியும். சம்பந்தியம்மாவிடம் நேரே சொல்லக் கூச்சம். மனைவியின் காதில், "பழத்த காருக்குள்ள வைக்கச் சொல்லு," என்றேன்.

"நீங்களே சொல்லுங்க. ஒங்க சம்மந்திதானே."

சொல்வதற்குள் வந்துவிட்டன. பெரிய கடுவன் பானெட்டில் குதித்து, பழத்தட்டின் கலர் பேப்பரை எங்களைவிட நேர்த்தியாகப் பிரித்தது. பழம் அதன் வாயில், தட்டு சாக்கடையில். அதுவரை மீசையை முறுக்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் மாமா காருக்குள் பாய்ந்து கதவைப் பூட்டிக்கொண்டார். சம்பந்தியம்மா எந்தக் கால் முதலில் என்றுகூடப் பார்க்காமல், நல்ல ராகு காலத்தில், என் வீட்டுக்குள் ஓடினார். மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள்.

வெளியே நானும் குரங்குகளும்தான். மிச்சம் நாலு தட்டு. இரட்டைப்படை. நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படையில்தான் தட்டு வர வேண்டும். ஜன்னலில் என் மகள் முகம் தெரிந்தது; அவளும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

லட்டுத் தட்டை எடுத்து மதில்மேல் வைத்தேன். கடுவன் என்னை ஒரு பார்வை பார்த்தது, பழைய வேலைக்காரனை அடையாளம் கண்ட கங்காணி மாதிரி. பிறகு கூட்டத்தோடு லட்டில் இறங்கியது.

ஆறு மணிக்குச் சம்பந்தியம்மா வெளியே வந்து விரல் விட்டு எண்ணினார்.

"மூணு. ஒத்தப்படைதான். ஆஞ்சநேயரு எடுத்தாலும் கணக்காதான் எடுத்திருக்காரு, பாத்தீங்களா?"

நான் தலையாட்டினேன். மகள் என்னைப் பார்க்காமல் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். தட்டு மாற்றினோம்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அவர் அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து எங்கள் மதிலில் படைக்கிறார். முன்பு பன்னிரண்டு குரங்குகள், இப்போது எண்ண முடியவில்லை. பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவரின் மாமரத்தில் பிஞ்சுகூட நிற்பதில்லை. "வாராவாரம் உன் வீட்டில் கெண்டூரி விருந்தா?" என்று மலாயில் கேட்கிறார்.

சம்பந்தியம்மா, அந்த இரண்டாவது தட்டை எடுத்தது ஆஞ்சநேயர் இல்லை, நான்தான். பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான், இனிமேல் காரைத் திருப்ப முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அடுத்த வாரம் பழம் வேண்டாம்.

ஞாயிறு, 9 மார்ச் 2025