வாயாடி பதில் சொல்லவில்லை

பல் செட் செய்யும் கூடத்தில் அவளைப் பல்லக்கா என்று கூப்பிடுவார்கள். அவசரமாகச் சொன்னால் பல்லக்கு என்று காதில் விழும். "பேருலதான் பல்லக்கு, தூக்கத்தான் ஆளில்லை" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மருத்துவர்கள் எடுத்தனுப்பும் வாய் அச்சில் மாவைக் குழைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நடுவது அவள் வேலை. மேல் வரிசை கீழ் வரிசையோடு ஒழுங்காகக் கடிக்கும்வரை விடமாட்டாள். கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்குப் பேசும். தேய்க்கிற மோட்டாரின் இரைச்சலையும் தாண்டி அவள் குரல் கேட்கும்.

அப்படிப்பட்டவள் கூடப்பிறந்த தம்பியோடு பல வருடங்களாக ஒரு வார்த்தை பேசவில்லை.

தம்பி மருத்துவமனை இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். கடல் தாண்டி வேலை கிடைத்தபோது, கிளம்புவதற்கு முன் அம்மாவுக்காக ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்து, அதில் மீடியா சர்வர் என்கிற மென்பொருளை ஏற்றியிருந்தான். வீட்டிலுள்ள படம், பாட்டு, குடும்ப வீடியோ எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். வீட்டு டிவியிலும் பார்க்கலாம், அவன் போகிற இடத்தில் அவன் டிவியிலும் பார்க்கலாம். சர்வருக்குப் பெயர் என்ன என்று அது கேட்டபோது, யோசிக்காமல் 'வாயாடி' என்று அடித்தான். சின்ன வயதில் அக்காவுக்கு அவன் வைத்த பெயர் அது.

"ஏன்டா, என் பேரைப் போய் இதுக்கு வச்சே?"

"நாள் முழுக்க ஓடும், நிறுத்தவே முடியாது. வேற என்ன பேரு வைக்கிறது?"

அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

அவன் போன பிறகு அம்மாவுக்கு அந்தப் பெட்டிதான் துணை. பகலெல்லாம் பழைய படமாகப் பார்ப்பாள். பல்லக்கா தன் போனில் அம்மாவைச் சின்னச் சின்ன வீடியோவாகப் பிடித்து அதில் ஏற்றுவாள். அம்மா பால்கனியில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பது, மருமகனிடம் குடையைத் தொலைத்ததற்குச் சண்டை போடுவது, கேமராவைக் கண்டதும் "போடி அந்தப் பக்கம்" என்று கையை ஓங்குவது. தம்பி அங்கே இருந்து பார்த்துவிட்டு இரவில் போன் செய்து சிரிப்பான்.

ஒரு நாள் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். தம்பிக்கு லீவு கிடைத்து, விமானம் கிடைத்து, வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பயணப் பெட்டியும் கையுமாக வாசலில் நின்றவனைப் பார்த்ததும், அத்தனை நாள் தனியாகத் தாங்கிய பாரமெல்லாம் அவள் வாயில் வந்தது.

"படம் காட்டுற பெட்டியை வச்சிட்டுப் போனா கடமை முடிஞ்சுதா? நீயெல்லாம் ஒரு பிள்ளை!"

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அவன் அம்மாவின் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அடுத்த விமானத்தில் கிளம்பிவிட்டான். அதன்பிறகு அவனும் கூப்பிடவில்லை, இவளும் கூப்பிடவில்லை. முதல் மாதம் கோபம், அடுத்த மாதம் வீம்பு, அதற்கப்புறம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாத கூச்சம்.

ஆனால் சர்வரின் முகப்பில் ஓர் ஓரமாக ஒரு சின்ன வரி உண்டு. இந்த நிமிடம் யார், எதைப் பார்க்கிறார்கள் என்று அது காட்டும். ஒரு நாள் வேறு எதற்கோ அதைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தம்பியின் பெயர், பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி, 'அம்மா - பால்கனி'. வீடியோ முடிந்தது. மறுபடி முதலிலிருந்து ஓடியது.

அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும் கை கழுவுவதற்கு முன் அந்த வரியைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அவனுக்குப் பிடித்த சண்டைப் படம் எங்காவது கிடைத்தால் பெட்டியில் ஏற்றி வைப்பாள். இரண்டொரு நாளில் அவன் பெயருக்கு எதிரே அது ஓடும். ஒருமுறை வாரக்கணக்கில் புள்ளியே எரியவில்லை. சோறு இறங்கவில்லை அவளுக்கு. பிறகு ஒரு மாலை நகைச்சுவைப் படம் ஒன்று பாதியிலிருந்து ஓடத் தொடங்கியதும், "இருக்கான்யா, சிரிச்சுக்கிட்டு இருக்கான்" என்று கணவரிடம் ஓடினாள். அவர் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர், அதிகம் பேசமாட்டார்.

"ஒரு போன் போட்டா இன்னும் நல்லா தெரியுமே" என்றார்.

"உங்க வேலையைப் பாருங்க."

மென்பொருளைச் செய்தவர்கள் அவ்வப்போது புதிய பதிப்பு விடுவார்கள். 'இப்போதே புதுப்பியுங்கள்' என்று மஞ்சள் பட்டை திரையில் வந்து நிற்கும். அவள் 'பிறகு' என்பதை அழுத்தி அழுத்தியே காலத்தை ஓட்டினாள். நன்றாகக் கடிக்கிற பல் செட்டை யாராவது தேய்ப்பார்களா? கணவரும் அவள் கட்சிதான். "பழைய பெட்டி, பழைய பொண்டாட்டி, ரெண்டுலயும் கை வைக்கக் கூடாது" என்பார்.

ஆனால் ஒருமுறை பட்டை சிவப்பாக வந்தது. பழைய பதிப்பில் ஓட்டை இருக்கிறதாம், அதன் வழியாக வெளியாட்கள் நுழைந்து எல்லாவற்றையும் அழித்துவிட முடியுமாம். பெட்டிக்குள் இருக்கிற அம்மாவும் போய்விட்டால்? அவள் கண்ணை மூடிக்கொண்டு புதுப்பித்தாள்.

திறந்து பார்த்தால் வேறு யாரோ வீட்டுக்குள் நுழைந்தது போலிருந்தது. சுவரை அடைக்கும் போஸ்டர்கள், 'உங்களுக்குப் பிடிக்கலாம்' என்று முன்பின் தெரியாத படங்கள். அவளுடைய சொந்த வீடியோக்கள் நாலு கதவு தாண்டி எங்கேயோ கிடந்தன. அந்தச் சின்ன வரியைக் காணோம். தேடித் தேடிக் கடைசியில் ஒரு குறிப்பு கிடைத்தது: ஒருவர் என்ன பார்க்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம், ஆகவே சர்வரை வைத்திருப்பவருக்கும் இனிக் காட்டுவதில்லை. பழைய பதிப்புக்குத் திரும்பவும் வழியில்லை.

நியாயமாகத்தான் பட்டது. நியாயம் என்று தெரிந்தால் வலிக்காமலா போகும்?

மாலைகள் வெறுமையாகிவிட்டன. கை தன்னால் போய்த் திறக்கும், திரை யாரோ நடிகனைக் காட்டும், மூடிவிடுவாள். கூடத்திலும் பேச்சு குறைந்தது. "பல்லக்காவுக்குப் பல் வலியா?" என்று கேட்டார்கள்.

அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் இணையத்தில் கூடிப் பேசும் மன்றம் ஒன்று இருந்தது. அடுத்த பதிப்பில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று நிறுவனம் அங்கே கேட்டிருந்தது. அவள் முதன்முறையாகப் போய்ப் படித்தாள். எழுதியவர்கள் எல்லாம் பழைய ஆட்கள். ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர், எழுத்தைப் பெரிதாக்குங்கள், கண் முன்போல் இல்லை என்றிருந்தார். காது கேளாத மனைவிக்காக ஒருவர், படத்தின் கீழே வரும் வரிகள் உதட்டோடு சேர்ந்து வர வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். புதிதாக ஒன்றும் தரவேண்டாம், இருந்ததை எடுக்காமல் இருந்தால் போதும் என்று ஒருத்தி. அதற்கு ஏகப்பட்ட பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். முகம் தெரியாத அத்தனை பேரும் சொந்தக்காரர்கள் போலத் தோன்றினார்கள்.

அவளும் எழுதினாள்: யார் பார்க்கிறார்கள் என்று காட்டும் வரியைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த நாள் யாரோ பதில் போட்டிருந்தான்: 'வேவு பார்க்கவா?'

அவளுக்குச் சுருக்கென்றது. நெடுநேரம் யோசித்து, 'வேவு இல்லை. தூங்குகிற பிள்ளையைக் கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பதில்லையா, அது' என்று எழுதினாள். அதற்கு யாரும் பதில் போடவில்லை.

அதற்குப் பிறகும் தினமும் போய்ப் படித்தாள். ஒரு ஞாயிறு காலை புதிதாக ஒருவர் எழுதியிருந்தார். என் டிவி பழசு, சர்வர் புதுசாகிவிட்டது, இரண்டுக்கும் ஒத்துவரவில்லை, எனக்குப் புது வசதி எதுவும் வேண்டாம், முன்பு போலத் திறந்தால் போதும். கூடவே டிவித் திரையின் படம் ஒன்று. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இருந்தது: 'வாயாடி பதில் சொல்லவில்லை.'

பல்லக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

அதன் கீழே ரயில்காரர் கேட்டிருந்தார்: சர்வர் யாருடையது? அவரிடமே சொல்லலாமே, ஓர் அமைப்பை மாற்றினால் பழைய டிவியும் வேலை செய்யும். அதற்கு அவன் பதில்: அக்காவுடையது. பேச்சுவார்த்தை இல்லை. அவளாக என்னைத் துண்டித்துவிட்டாளோ என்றும் நினைக்கிறேன்.

"பாவி, பாவி" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். அவனைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா, அவளுக்கே தெரியாது.

ரயில்காரர் சொன்ன அமைப்பைத் தேடி மாற்றினாள். ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஒரு டிக், அவ்வளவுதான். அத்தோடு விட்டிருக்கலாம். அவன் மறுபடி முயன்று பார்ப்பான், திறக்கும், அவரவர் வழியில் போகலாம். ஆனால் திறந்ததா இல்லையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சொல்வதற்கு அந்த வரி இல்லையே. கேட்டால்தான் உண்டு.

கணவர் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகம் சோப்பு நுரையோடு திரும்பிப் பார்த்தவர், அவள் கையில் போன் இருப்பதைக் கண்டு ரேடியோவை அணைத்தார்.

"ஹலோ, யாரு?"

"நான்தான்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. பிறகு, "சொல்லுக்கா."

"டிவி பக்கத்துல இருக்கியா?"

"இருக்கேன். ஏன்?"

"வாயாடி பதில் சொல்லலையாமே. இப்ப சொல்லுவா, போட்டுப் பாரு."

அவன் எதையோ தட்டிவிடுவது கேட்டது, ரிமோட்டைத் தேடுவது கேட்டது. "வருது... வந்திடுச்சுக்கா" என்றான். அடுத்த கணம் போன் வழியாக, பட்டாணி பாத்திரத்தில் விழும் சத்தத்தோடு, "போடி அந்தப் பக்கம்" என்று அம்மா அதட்டினாள்.

வீடியோ முடியும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் உன்னைத் துண்டிச்சு விடலைடா. அந்த அப்டேட்டு பண்ண வேலை."

"சரிக்கா."

"அன்னைக்கு வாசல்ல நான் சொன்னது..."

"அக்கா, சத்தம் கொஞ்சம் கம்மியா வருது. உன் பக்கம் ஏதாவது பார்க்கணுமா?"

அவளுக்குப் புரிந்தது. "பார்க்கிறேன்" என்றாள். அந்தப் பேச்சை இன்றுவரை அவர்கள் பேசி முடிக்கவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் அவன் கூப்பிடுகிறான். பெரும்பாலும் ஏதாவது ரிப்பேர் சொல்லித்தான் ஆரம்பிப்பான், பாதி ரிப்பேர் பொய். நிறுவனம் அந்த வரியைத் திருப்பித் தரவில்லை, 'பரிசீலிக்கிறோம்' என்றதோடு சரி. ரயில்காரருக்கு மட்டும் எழுத்து பெரிதாகக் கிடைத்தது. பல்லக்கா அவருக்கு வாழ்த்து எழுதினாள்.

சென்ற வாரம் தம்பியை வீடியோவில் வரச் சொன்னாள். முன்நெற்றியில் முடி குறைந்து, கன்னம் அம்மாவின் கன்னமாகவே ஆகியிருந்தது. அறையைக் காட்டச் சொன்னாள். ஈரமான கண்ணாடி ஜன்னல், அதற்கு வெளியே பஸ் திரும்பும் தெரு, ஒரு கட்டில், சுவரோரம் அந்தப் பழைய டிவி, அதற்கு எதிரே ஒரு நாற்காலி. இத்தனை வருடம் பச்சைப் புள்ளியாக மட்டும் அவள் பார்த்தவன் உட்கார்ந்திருந்த இடம் இதுதான்.

"ஒத்தை நாற்காலியாடா?"

"ஒத்தை ஆள்தானேக்கா."

"இன்னொண்ணு வாங்கிப் போடு."

"யாரு வந்து உட்காரப் போறா?"

"சாஞ்சு உட்கார்ற மாதிரி வாங்கு" என்றாள் அவள். "எனக்கு முதுகு வலி."