நட்சத்திரம் கேட்காத கோயில்

என் கணவர் சீனக் கோயிலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஒஸ்லோத் தமிழர்கள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்கள். வாணிவிழாவோ பொங்கல் விழாவோ, எதுவானாலும் அவருக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கிவிடுவார்கள். நான் மண்டபத்தின் பின்பக்கத்தில் தட்டுகளில் ரோல்ஸ் பலகாரம் அடுக்கிக்கொண்டே கேட்பேன். எனக்கு அந்தப் பேச்சு மனப்பாடம். எங்கே குரலை உயர்த்துவார், எங்கே கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார் என்பது வரை தெரியும்.

அவர் சொல்வதில் பொய் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்சீனக் கரையில் சுவான்ஜோ என்றொரு பழைய துறைமுக நகரம் இருக்கிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ் வணிகர்கள் அங்கே போய்க் குடியிருந்து சிவனுக்கு ஒரு கோயில் கட்டினார்கள். தமிழிலே கல்வெட்டும் வெட்டி வைத்தார்கள். பிறகு ஆட்சி மாறியது, அந்நியர்மேல் கோபம் திரும்பியது. வணிகர்கள் திரும்பிப் போனார்களோ, அந்தச் சனத்தோடு கரைந்துபோனார்களோ, கோயில் இடிந்தது. நல்ல கல்லை யார் வீணாக்குவார்கள்? சில மதிலுக்குப் போயின, சில வீட்டுக்குப் போயின. சில, அந்த நகரத்தில் அதற்கும் பல நூறு ஆண்டுகள் முன்பிருந்தே இருக்கும் பெரிய புத்த கோயிலைத் திருத்தியபோது அதற்குள் போயின. இன்றைக்கும் புத்தர் இருக்கும் மண்டபத்தின் பின்புறத் தூண்களில் எங்கள் நரசிம்மரும் கண்ணனும் இருக்கிறார்கள்.

"ஆர் எந்தச் சுவரிலை வைச்சுக் கட்டினாலும் அது எங்கட கல்லு," என்று இந்த இடத்தில்தான் என் கணவர் குரலை உயர்த்துவார். சனம் கைதட்டும்.

அந்த நகரத்தின் பெயர் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதை மட்டும் அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை. அது எங்கள் மகன் கூட்டிவந்த பெண்ணால் வந்தது.

அவள் ஒஸ்லோவுக்குப் பக்கத்திலுள்ள லில்லெஸ்ட்ரோமில் வளர்ந்தவள். ஒரு நோர்வேத் தம்பதி அவளைக் கைக்குழந்தையாகச் சீனாவிலிருந்து தத்தெடுத்து வந்தார்கள். லோறென்ஸ்கூக்கில் எங்கள் வீட்டுக்கு முதல்முதல் வந்த அன்று, புட்டை முள்ளுக்கரண்டியால் சாப்பாட்டுக் கோப்பைக்குள் துரத்திக்கொண்டிருந்தவளிடம் என் கணவர் சீனாவில் எந்த ஊர் என்று கேட்டார். சுவான்ஜோ என்றாள். சாப்பிட்ட கை காயமுதல் அவர் கணினிக்கு முன்னால் போய் இருந்துவிட்டார்.

"இஞ்சாரும், ஓடி வாரும். பிள்ளையின்ரை ஊரிலை சிவன் கோயில் இருந்திருக்கு."

கல்லிலே ஓர் ஆனை லிங்கத்துக்குப் பூப் போடும் படம். எங்களுடைய திருவானைக்காக் கதையேதான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. படத்துக்குக் கீழே இருந்த சீன எழுத்தை வாசிக்கச் சொல்லி அவளைக் கூப்பிட்டார். தனக்குச் சீனம் ஒரு சொல்லும் தெரியாது என்று அவள் நோர்வேஜிய மொழியில் சொல்லிச் சிரித்தாள். அவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றம். ஆனாலும் அந்த மாரிகாலம் முழுக்க அவள் அவருக்குப் 'பிள்ளை'தான். மகன் கலியாணக் கதையை எடுத்த அன்றைக்கு 'உவள்' ஆகிவிட்டாள்.

"சாதகக் குறிப்பு இருக்கோ?" என்று கேட்டார்.

மகன் ஆறுதலாக விளங்கப்படுத்தினான். அவள் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் கண்டெடுத்த குழந்தை. கடவுச்சீட்டில் உள்ள பிறந்தநாள், குழந்தைகள் இல்லத்தார் ஆளைப் பார்த்து உத்தேசமாகப் போட்டது.

"நாளும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது, தாய் தேப்பனும் தெரியாது. என்னத்தை வைச்சுப் பொருத்தம் பாக்கிறது? நாளைக்குக் கோயிலிலை ஐயர் நட்சத்திரம் கேட்டால் என்னெண்டு சொல்லி அருச்சனை செய்யிறது?"

"பொருத்தம் பாத்துத்தானே என்னைக் கட்டினனீங்கள்?" என்றேன்.

எங்களுக்குப் பத்துக்கு எட்டுப் பொருத்தம். பொருந்தாத இரண்டும் எவை என்று சாத்திரியார் சொல்லவில்லை. ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் அம்மருட்டில் குடியிருந்த காலம் தொட்டு நானாகவே கண்டுபிடித்துக்கொண்டு வருகிறேன்.

கலியாணத்துக்கு முன் தன் ஊரை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். மகன் என்னையும் கூப்பிட்டான். என் கணவர் வர மறுத்துவிட்டார். ஆனால் எந்தத் தூணை எந்தப் பக்கத்திலிருந்து படம் எடுக்க வேண்டும் என்று மகனுக்கு ஒரு வகுப்பே எடுத்து அனுப்பினார்.

சுவான்ஜோவில் அந்தப் புத்த கோயில் பெரியது. இரண்டு பக்கமும் கல்லால் கட்டிய கோபுரங்கள். உள்ளே, முட்டுக்கொடுத்து நிறுத்திய ஒரு கிழட்டு முசுக்கொட்டை மரம். கோயில் கட்ட ஒரு துறவி இந்த நிலத்தைக் கேட்டபோது, முசுக்கொட்டையில் தாமரை பூத்தால் தருகிறேன் என்று தோட்டக்காரர் சொன்னாராம். பூத்ததாம், கொடுத்தாராம். நடக்காத காரியம் என்று நினைத்துச் சொன்ன நிபந்தனையில் எழும்பிய கோயில். எங்கள் வீட்டிலும் ஒரு நிபந்தனை இருந்தது. எந்த மரம் பூத்தும் அது தீராது என்று அந்த மரத்தடியில் நின்று நினைத்துக்கொண்டேன்.

முன்பக்கத்தில் ஊதுபத்திப் புகையும் சனமும். பின்பக்கத்தில் ஒருவரும் இல்லை. அங்கே நரசிம்மர் தன் பாட்டில் இரணியனின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தார். அளவு தெரிய வேண்டும் என்று மகன் சொல்ல, அவள் தூணில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். படம் நன்றாக வந்தது.

மறுநாள் நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்துக்குப் போனோம். இடிந்த சிவன் கோயிலிலிருந்து வந்தது என்று படித்தவர்கள் சொல்லும் ஒரு சிலை அங்கே சின்னக் கோயில் ஒன்றில் இருக்கிறது. நாலு கை. எனக்கு அது அம்மன். அந்த ஊர்ச் சனத்துக்கு அது குவான்யின், அவர்களுடைய கருணைத் தெய்வம். எங்கிருந்து வந்தவள், யார் பெற்றவள் என்று விசாரித்துக்கொண்டிருக்காமல் உள்ளே இருத்திக் கும்பிடுகிறார்கள். மரக்கறிப் பையோடு வந்த ஒரு மனிசி ஊதுபத்தி கொளுத்தி என் மருமகளாகப் போகிறவளின் கையில் கொடுத்தாள். பிறகு அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கதைத்தாள். இவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள், கன்னமெல்லாம் கண்ணீர். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கல்லுக்கு உரிமை கொண்டாடிக்கொண்டு ஒஸ்லோவில் இருக்கிற மனிதரை இழுத்து வந்து அந்த வாசலில் நிற்பாட்ட வேண்டும் போல இருந்தது.

கலியாணம் பதிவோடு முடிந்தது. என் கணவருக்கு அன்றைக்குத் தடிமன், மூக்கு ஒழுகியதாம். நான் பட்டுச்சேலைக்கு மேல் குளிர்க் கோட்டுப் போட்டுக்கொண்டு தனியே பஸ்ஸில் போனேன். அவளை வளர்த்த தாய் என்னைக் கட்டிப்பிடித்து, அவர் வரவில்லையா என்று கேட்டாள். தடிமன் என்று நானும் வெட்கமில்லாமல் சொன்னேன்.

அடுத்து வந்த பொங்கல் விழாவில் அவர் புதுப் படங்களோடு மேடையேறினார். ஊருக்குத்தானே உபதேசம். மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம். சனிக்கிழமைகளில் தமிழ் படித்துக்கொண்டிருந்தாள். தன் ஊரைப் பற்றி மாமா பேசுவதைத் தமிழிலேயே கேட்க வேண்டும் என்று வந்து மூன்றாம் வரிசையில் இருந்தாள்.

திரையில் நரசிம்மர் தூண் வந்தது. படத்திலிருந்து அவளை வெட்டியிருந்தார். கையை மட்டும் வெட்ட முடியவில்லை. அதை வெட்டினால் நரசிம்மரின் காலும் போய்விடும். கல்லின் மேல் ஒரு பெண்ணின் கை தனியே கிடந்தது.

"அண்ணை, அந்தக் கை ஆரின்ரை?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"அது, அங்கை நிண்ட ஆரோ ஒரு சீனப் பெட்டை," என்று சொல்லி அடுத்த படத்தை அழுத்தினார். ஆனை வந்தது. சனம் கைதட்டியது.

அவளுக்கு விளங்கிவிட்டது. அவ்வளவு தமிழ் அவள் படித்திருந்தாள். தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு அதைக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

"அது எங்கட மருமகள்," என்று நான் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஆனால் மைக் அவரிடம் இருந்தது. பின்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் ஆனையைப் பார்த்தார்கள்.

மகன் எழும்பினான். அவள் என்னிடம் வந்து, "போட்டு வாறன் மாமி," என்று முறையாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. நான்தான் போய்வந்தேன். அவர் ஒருநாளும் போகவில்லை, எப்படி இருக்கிறாள் என்று கேட்கவுமில்லை.

கோடை விடுமுறையில் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மகன் எடுத்தபோது வீட்டுத் தொலைபேசியை என் கையிலிருந்து அவர் பறித்தார். பஞ்சாங்கம் மேசைக்கு வந்துவிட்டது, கண்ணாடி வந்துவிட்டது, பேனை வந்துவிட்டது. அவருடைய முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் அந்த ஆனைக்குப் பிறகு பார்க்கவில்லை.

"தம்பி, பிறந்த நேரத்தைச் சரியாய்ச் சொல்லு. நிமிசமும் வேணும். பேத்திக்குக் குறிப்பு எழுதோணும்."

மகனின் குரல் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"நேரம் தெரியாது அப்பா."

"என்ன கதை இது? ஆஸ்பத்திரியிலை எழுதி வைச்சிருப்பினம். கேட்டுச் சொல்லு."

"நாளும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது எண்டு போடுங்கோ," என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

அவர் பேனையைப் பிடித்தபடி இருந்தார். கனநேரத்துக்குப் பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. அதை நான் கண்டேன்.

"உமக்கு அவள் ஏதும் சொன்னவளே?"

காலையிலேயே அவள் எனக்கு அனுப்பியிருந்தாள். குழந்தையின் படம், நிறை, நாள், மணி, நிமிடம், எல்லாம் எழுத்துப் பிழையோடு தமிழில். கைபேசி என் மடியில்தான் கிடந்தது.

"இல்லையப்பா," என்றேன். "எனக்கும் தெரியாது."