"என் பேரைக் கேளுய்யா!" என்ற கலியபெருமாள் சார்

கலியபெருமாள் சார் இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் தேர்தல் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கீழப்பழுவூரில் தன் வீட்டில் மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். அதற்கு மேலே இருந்தது காலையில் அவரே போட்ட செய்தி: "ஊரு ஊரா ஓட்டு மெஷினைத் தூக்குனேன். இப்ப என்னையே என் முட்டி தூக்க மாட்டேங்குது." கண்ணீரோடு சிரித்துவிட்டேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்த மீசையையும் குரலையும் விவரிக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரியலூர்ப் பக்கம் தேர்தல் துணை வட்டாட்சியராக இருந்தவர். வாக்குச்சாவடிப் பணிக்குப் பெண் ஊழியர்களான எங்களைப் போடும்போது, "லேடீஸ் விரல்ல மை வைக்கட்டும், போதும்" என்று முடித்துவிடுவார். பெண்களிடமும் திருநங்கைகளிடமும் ஊழியர்கள் எப்படி நடந்துகொள்வது என்று பயிற்சி நடத்த உத்தரவு வந்தபோது, "இத்தனை வருஷமா நாங்க பழகலையா?" என்று முனகினார்.

அந்தப் பயிற்சியில் மாதிரி வாக்குப்பதிவு நடந்தது. ஆண்கள் பெண்களாகவும் பெண்கள் ஆண்களாகவும் நடிக்க வேண்டும். சாருக்குக் கைக்குழந்தையோடு வரும் பெண் வேடம். நான் அவருக்குக் கணவன். சாரின் தலையில் முக்காடாகத் துண்டு, இடுப்பில் குழந்தைக்குப் பதில் தண்ணீர் கேன். மேசையில் இருந்தவர் "பேரு?" என்றார், என்னைப் பார்த்து. நான் சொன்னேன். "வயசு?" அதையும் நானே சொன்னேன். கையெழுத்துக்கும் பேனா என் பக்கமே நீண்டது. சார் பொறுமை இழந்தார்.

"யோவ், ஓட்டு எனக்குத்தானே? என் பேரைக் கேளுய்யா!"

அரங்கமே சிரித்து ஓய்ந்தது. சாப்பாட்டு வேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எங்க வூட்டுக்காரி ஓட்டு அட்டையையும் நாந்தாம்மா நீட்டுவேன்" என்றார் என்னிடம்.

அடுத்த தேர்தலில் என்னை வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் போட்டார். "லேடீஸ் சமாளிப்பாங்களா சார்?" என்று கேட்டவரிடம், "நீ சமாளிச்சதையும் பாத்தேன்ல?" என்றார்.

வாக்குப்பதிவு நாளுக்கு முன்பே சாவடிகளைப் பார்வையிடப் போனோம். ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. "எங்க ஸ்டாஃப் முந்தின நாளே வந்து தங்குறாங்க. லேடீஸெல்லாம் தண்ணி குடிக்காம கெடக்கணுமா? சாவி வர்ற வரைக்கும் நானும் இங்கயேதான்" என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சாவி வரவில்லை; பூட்டை உடைக்க ஆள் வந்தார். உள்ளே வாளி, குழாய், தாழ்ப்பாள் எல்லாம் சரியான பிறகுதான் ஜீப்பில் ஏறினார்.

வாக்குப்பதிவன்று ஆண்டிமடம் பக்கம் என் சாவடி. ஒரு திருநங்கை வந்திருந்தார். காவலர் அவரை ஆண்கள் வரிசைக்கு அனுப்ப, அங்கே கேலி செய்திருக்கிறார்கள். விலகி வாசலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நான் வெளியே வருவதற்குள் மண்டல அலுவலராகச் சுற்றிவந்த சாரின் ஜீப் வந்து நின்றது.

"என்னப்பா, ஓட்டுப் போடலையா?"

"அப்பான்னு கூப்பிடாதீங்க சார். அந்தப் பேச்சாலதான் திரும்பிப் போறேன்."

வரிசைகள் இரண்டும் அவர்களையே பார்த்தன. சார் கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"தப்புதாம்மா. மன்னிச்சுக்குங்க. எந்த வரிசையில நிக்கப் பிரியப்படுறீங்க?"

"பொம்பளைங்க வரிசையிலதான் சார்."

கூடவே நடந்து வந்தார். வரிசையில் இருந்த ஓர் அம்மா, "இங்கன வா தாயி" என்று இடம்விட்டு நகர்ந்துகொண்டார். ஓட்டுப் போட்டு வந்த திருநங்கை மை வைத்த விரலை சாரிடம் நீட்டிக் காட்டிச் சிரித்தார். சார் ஒரு சல்யூட் அடித்தார்.

பயிற்சியெல்லாம் முடித்த பிறகும் அவர் நாக்கு தவறியது. ஆனால் அத்தனை பேர் பார்க்க, ஒரு நொடிகூட வீம்பு பிடிக்காமல் அதைத் திருத்திக்கொண்டார். அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் "தப்புதாம்மா" என்பதை அவ்வளவு லேசாகச் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை. சாரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு சொல்லைத்தான்.