பாறைக்கு வெள்ளை டைல்

யட்டியாந்தோட்டை பஜாரில், ஹில்மியின் ஹார்ட்வெயார் கடையில், கிருஷ்ணகுமாரி ஒரு வெள்ளை டைலைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். குளுகுளுவென்றிருந்தது.

"அக்கா, உங்க குசினிச் சுவத்துக்கு டைல் சரிவராது. அடுப்புக்குப் பின்னுக்குப் பாறை துருத்திக்கிட்டு நிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? தகரம் அடிங்க, வளைச்சிக்கலாம்" என்றான் ஹில்மி.

"தகரத்த லயத்துலயே பாத்தாச்சு மொதலாளி. வெள்ளை டைலே போடுங்க."

முப்பத்தொரு வருஷம் ரப்பர் பால் வெட்டியவள். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய தனிவீடு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. அதுவரை இருந்த தோட்டத்து வரிசைவீட்டில், அந்த லயத்துக் காம்பராவில், அடுப்பங்கரைச் சுவர் எப்போதும் கரிதான். தீபாவளிக்குத் தோட்டத்தில் தரும் சுண்ணாம்பை அடித்தால், கார்த்திகைக்குள் மறுபடி கறுத்துவிடும். அந்தக் கறுப்பைப் பார்க்கும்போதெல்லாம் துரை பங்களாக் குசினி அவள் கண்ணில் வந்து நிற்கும். அம்மாவுக்கு அங்கே சமையல் வேலை. ஆறு வயதுக் கிருஷ்ணகுமாரி பின்வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். தாளிக்கும் எண்ணெய் வெள்ளைச் சுவரில் தெறிக்கும். அம்மா ஈரத்துணியால் ஒரே இழுப்பு. சுவர் பளிச்சென்று ஆகிவிடும். அப்படியொரு சுவரின் முன் ஒருநாளாவது சமைக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிக் குடிபுக வேண்டும். மேசன் பாஸோ அடுத்த வாரம்தான் வருவாராம்.

"பாஸ் எதுக்கு? லயத்துல சாமி படம், பிஞ்ச செருப்பு, எல்லாத்தையும் எது ஒட்டுச்சு? ரப்பர் பாலுதானே!" என்றார் அவள் கணவர் மூக்கையா.

ஒரு வாளிப் பால் கொண்டுவந்து, பாறை வளைவின் இடுக்குகளில் உறைந்த ஒட்டுப்பாலை அடைத்து, டைல்களை வரிசையாக ஒட்டினார். மறுநாளும் நின்றன. "பாத்தியா?" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

வியாழக்கிழமை, பார்ப்போமே என்று கேஸ் அடுப்பில் பருப்பை ஏற்றினாள். சூடு ஏற ஏற ரப்பர் நாற்றம் கிளம்பியது. நடுவில் இருந்த டைல் மெல்ல இறங்க ஆரம்பித்தது.

"என்னங்க! ஓடியாங்க, சுவரு நடக்குது!"

அவர் வருவதற்குள் ஒன்று பருப்புச் சட்டிக்குள் விழுந்தது. நாலு தரையில் விழுந்து நொறுங்கின. மிச்சத்தை இருவருமாகப் பிடுங்கி எடுத்தார்கள்.

கிருஷ்ணகுமாரி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பங்களாக்காரனுக்குப் பாறை இல்ல புள்ள. விடு, தகரமே அடிப்போம்" என்றார் அவர், குரலை இறக்கி.

சில்லுகளைப் பொறுக்கியவள், ஒன்றை எடுத்துப் பாறையில் வைத்துப் பார்த்தாள். உள்ளங்கை அளவுச் சில்லு. வளைவில் அச்சாகப் படிந்தது. இன்னொன்றையும் வைத்தாள். அதுவும் படிந்தது.

எழுந்துபோய்ச் சுத்தியலையும் சாக்கையும் கொண்டுவந்தாள்.

"நல்ல டைலயுமா ஒடைக்கப் போற?"

"முழுசா இருந்தா இந்தப் பாறை ஏத்துக்காதுங்க. நீங்க சிமெந்தக் கொழைங்க. சிமெந்து, கேட்டீங்களா?"

முழு டைல்கள் பதினொன்று மீந்திருந்தன. ஒன்றைச் சாக்கில் சுற்றி வைத்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சுத்தியலை ஓங்கினாள்.